அடுக்கும், அடாது

கண்டியில், கட்டுகலைப் பிள்ளையார் கோயில் மணி கேட்கும் தொலைவில் ஒரு பழைய வீடு. கூரை ஒழுகிச் சுவரில் ஈரம் ஊறியிருந்ததால் முன்னறைக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். அதற்காக அலுமாரியிலிருந்து இறக்கிய புத்தகங்கள் மூன்று நாளாகத் தரையில் கிடந்தன. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்; யாழ்ப்பாணத்தில் பிறந்து, பேராதனையில் படித்து, கண்டியிலேயே தங்கிவிட்டவர். ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு மாணவி அவரிடம் இலக்கணம் கேட்க வருவாள். அன்று பாடத்தை வேலை முந்திக்கொண்டது.

ஆசிரியர்: பிள்ளை, இன்றைக்கு நன்னூல் வேண்டாம். இந்தப் புத்தகங்களை அடுக்கி வைப்போம். எனக்குக் குனிய ஏலாது.

மாணவி: ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிடலாம் ஐயா. பெரியது கீழே, சின்னது மேலே. ஸ்டோரில் தூளைச் சலிக்கிற மாதிரி அளவு பார்த்துப் பிரித்துவிட்டால் சரி.

ஆசிரியர்: சல்லடைக்கு அளவு ஒன்றுதான் தெரியும். ஒரே செடியில் கிள்ளிய கொழுந்தையும் அது நாலைந்து பெட்டியில் போட்டுவிடும். அது பிரிக்கிற வேலை. நான் கேட்டது அடுக்குகிற வேலை.

மாணவி: இரண்டும் ஒன்றில்லையா? கலைந்து கிடப்பதை ஒரு முறைக்குக் கொண்டுவருவதுதானே அடுக்குவது?

ஆசிரியர்: வெளியே லொறிக்காரன் கொட்டிவிட்டுப் போன விறகு கிடக்கிறது. அதை என்னவென்று சொல்வீர்?

மாணவி: விறகுக் குவியல்.

ஆசிரியர்: அதே விறகை எடுத்து மழை படாமல் தாழ்வாரத்தில் வைத்தால்?

மாணவி: அடுக்கி வைத்திருக்கிறது என்போம்.

ஆசிரியர்: கட்டை மாறவில்லை, எண்ணிக்கை மாறவில்லை. என்ன மாறியது?

மாணவி: குவியலில் எது எதன்மேல் கிடக்கிறதென்று யாரும் பார்ப்பதில்லை. அடுக்கும்போது ஒவ்வொரு கட்டையையும் பக்கத்துக் கட்டையைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். வளைந்த கட்டைக்குப் பக்கத்தில் வளைந்ததே பொருந்தும். நேர்க்கட்டையை வைத்தால் சந்து விழும். பிறகு எல்லாம் உருளும்.

ஆசிரியர்: அந்தப் 'பக்கத்து' என்ற சொல்லை விட்டுவிடாதேயும். அடுக்கு என்ற வினையின் உயிர் அதுதான். அடுத்த வீடு, அடுத்த நாள், அடுத்து வந்தவர் என்று ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்கிறோம். அந்த 'அடு'வுக்கு நெருங்குதல், பக்கத்தில் வருதல் என்று பொருள். ஒன்றை மற்றொன்றின் பக்கத்தில் வரச் செய்வது அடுக்கு. அடு தன்வினை, அடுக்கு பிறவினை.

மாணவி: அப்படியென்றால் அடுக்களை? அங்கேயும் பானைகளை அடுக்கித்தானே வைக்கிறோம். அடுக்குகிற களம் அடுக்களை ஆகியிருக்கலாம்.

ஆசிரியர்: கேட்க நன்றாக இருக்கிறது. நன்றாக இருக்கிற சொல்லாராய்ச்சியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சமைப்பதற்கென்று வேறோர் 'அடு' உண்டு. பழந்தமிழில் சோறு அடுவார்கள். அடுப்பும் அடுக்களையும் அந்த வீட்டுப் பிள்ளைகள். போர்க்களத்தில் பகைவரைக் கொல்வதற்கும் 'அடுதல்' என்றார்கள். ஒலி ஒன்றானால் உறவும் ஒன்று என்று ஆகாது. உம்முடைய தோட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. வரிசையாகக் கட்டிய அந்த வீடுகளுக்கு என்ன பெயர்?

மாணவி: லயம்.

ஆசிரியர்: சங்கீதக்காரரும் லயம் என்கிறார்கள்.

மாணவி: அது வேறு, இது வேறு. வெள்ளைக்காரத் துரை லைன் என்றதை எங்கள் பாட்டன்மார் லயன் ஆக்கி, லயமும் ஆக்கிக்கொண்டார்கள். காம்பராவும் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். சரி, தோற்றேன். ஆனால் அடுவைப் பற்றி நீங்கள் சொல்வதையும் ஒருதரம் பார்த்துவிடலாமே. மதராஸ் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் இதோ கிடக்கிறது. இரண்டு, மூன்று, நாலு... முதல் தொகுதியைக் காணவில்லையே?

ஆசிரியர்: அது இங்கே இல்லை. 1924இல் தொடங்கி 1936 வரை ஆறு தொகுதியாக வந்த அகராதி; என்னிடம் அகரம் இல்லாத மிச்சம் இருக்கிறது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு வள்ளுவரைச் சாட்சிக்குக் கூப்பிடுவோம். துன்பம் மேல் துன்பம் வருவதை அவர் எப்படிச் சொல்கிறார்?

மாணவி: இடுக்கண் அழியாமையில் 'அடுக்கி' வருவதாகச் சொல்கிறார்.

ஆசிரியர்: குடிமை அதிகாரத்தில் கோடி கோடியான செல்வத்துக்கு 'அடுக்கிய' என்ற அடை. துன்பம் காலத்தில் அடுத்தடுத்து நிற்கிறது. பணம் இடத்தில் அடுத்தடுத்து நிற்கிறது. குறிப்பறிதலில் பளிங்கு தன் பக்கத்துப் பொருளின் நிறத்தைக் காட்டும் என்கிறாரே, அங்கே பக்கத்துப் பொருளுக்கு அவர் வைத்த சொல் 'அடுத்தது'. இன்னொரு சாட்சி மலையாளம். அவர்களுக்கு 'அடுக்குக' என்றால் நெருங்குவதும் அதுதான், அடுக்கி வைப்பதும் அதுதான். நம்மிடம் இரண்டாகப் பிரிந்த வேலை அங்கே ஒரே சொல்லில் இருக்கிறது.

மாணவி: இலக்கணத்திலும் அடுக்குத்தொடர் உண்டே. பாம்பு பாம்பு, தீ தீ தீ.

ஆசிரியர்: தொல்காப்பியர் அதற்கு எல்லையும் வைத்தார். அவசரத்தில் சொல்வது மூன்றுக்கு மேல் அடுக்காது. செய்யுளில் இசை நிறைக்க நான்கு வரை போகலாம். அதன் பக்கத்திலேயே இரட்டைக்கிளவியையும் படித்தீர். இரண்டுக்கும் வேறுபாடு என்ன?

மாணவி: அடுக்குத்தொடரைப் பிரித்தாலும் ஒவ்வொரு சொல்லும் தனியாக நின்று பொருள் தரும். 'தீ' ஒன்றே போதும். இரட்டைக்கிளவியைப் பிரித்தால் இரண்டு பாதியும் பொருளிழந்துவிடும். சலசலவில் ஒரு 'சல'வை எடுத்துவிட்டால் மிச்சத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஆசிரியர்: நல்லது. அந்தப் பெரிய நிகண்டை அப்படி வையும்.

மாணவி: எங்கே வைக்க? நீங்கள் முறையே சொல்லவில்லையே. எங்கள் தோட்டத்தில் இவ்வளவு யோசிக்க மாட்டார்கள். காலையில் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து மலைக்குப் போனதும் கங்காணி ஆளுக்கொரு நெரை பிடித்துக் கொடுப்பார். அம்மா தன் நெரையில் கொழுந்தெடுத்துக்கொண்டே மேலே ஏறுவார்; பக்கத்து நெரையில் பெரியம்மா. மலை முடியும்வரை இரண்டு பேருக்கும் கதை ஓயாது. ஒருவர் கை பிந்தினால் மற்றவர் ஓர் எட்டுத் தாண்டி வந்து நாலு செடியில் கிள்ளிக் கொடுத்துவிட்டுத் தன் நெரைக்குத் திரும்புவார்.

ஆசிரியர்: நெரை, நிரை. ஆநிரை என்கிறோமே, அந்த நிரை. நிரைத்தல் என்றால் வரிசைப்படுத்தல். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் புத்தகத்தில் படிக்கிற சொல்லை உம்முடைய அம்மா கூடை சுமந்துகொண்டு சொல்கிறார். எங்கள் பக்கத்திலும் அப்படி ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் இரண்டு வேலிக்கு நடுவே போகிற சின்னத் தெருவை ஒழுங்கை என்போம். நான் சின்ன வயதில், ஒழுங்காக இருப்பதால்தான் அந்தப் பெயர் என்று நினைத்தேன். எங்கள் ஒழுங்கை ஒருநாளும் ஒழுங்காக இருந்ததில்லை. மாரியில் முழங்கால் வரை வெள்ளம் ஓடும்.

மாணவி: பிறகு ஏன் அந்தப் பெயர்?

ஆசிரியர்: அந்த வெள்ளத்தில்தான் விடை. ஒழுங்கு என்ற சொல்லுக்கு அடி 'ஒழுகு'. ஒழுகுதல் நீர் ஓடுவது, ஒன்றன்பின் ஒன்றாகப் போவது, உலகத்தில் நடந்துகொள்வது. சிறுபாணாற்றுப்படையில் உப்பு வணிகரின் வண்டி வரிசைக்குப் பெயர் ஒழுகை. இந்தச் சுவரைக் கெடுத்த கூரை ஒழுக்கும், வள்ளுவர் அதிகாரம் வைத்துச் சொன்ன ஒழுக்கமும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை.

மாணவி: நாங்கள் ஒழுங்கு என்று சொல்வதற்கு நேர் எதிராக இருக்கிறதே ஐயா. பள்ளிக்கூடத்தில் 'ஒழுங்காக இரு' என்றால் அசையாமல் இரு என்றுதான் பொருள்.

ஆசிரியர்: அது வாத்திமார் செய்த குழப்பம், நானும் முப்பது வருசம் செய்திருக்கிறேன். சொல்லைப் பார்த்தால், ஒழுங்குபடுத்து என்பதற்கு ஓடவிடு என்று பொருள். தடங்கலை நீக்கு, போகிறது போகட்டும். ஆக நம்மிடம் இரண்டு வினை இருக்கிறது. அடுக்கு என்றால், இதற்குப் பக்கத்தில் எது என்று கேள். ஒழுங்குபடுத்து என்றால், இது எங்கே போகிறது என்று பார். 'எது எங்கே கிடக்க வேண்டும்' என்ற கேள்வி இரண்டிலும் இல்லை.

மாணவி: ஆனால் இங்கே இருப்பது கலைந்துபோன புத்தகம். முன்பு ஒரு விதமாக இருந்தது, இப்போது வேறு விதமாக வைக்கப்போகிறோம். மாற்றி அடுக்குவதற்கு நம் பழைய ஆட்களிடம் சொல் இருந்ததா?

ஆசிரியர்: சொல் மட்டுமா? சட்டமே இருந்தது. நீர் போன மாதம் படித்தீர்.

மாணவி: பொருள்கோளா?

ஆசிரியர்: சொல்லும்.

மாணவி: நன்னூலில் எட்டு. ஆற்றுநீர், மொழிமாற்று, நிரல்நிறை, பூட்டுவில், தாப்பிசை, அளைமறிபாப்பு, கொண்டுகூட்டு, அடிமறிமாற்று. ஆற்றுநீரில் பாட்டுச் சொன்னபடியே ஓடிப் பொருள் தரும். கொண்டுகூட்டில் நாலு அடியில் சிதறிக் கிடக்கிற சொற்களை எங்கெங்கோ இருந்து கொண்டுவந்து கூட்டிப் பொருள் சொல்ல வேண்டும்.

ஆசிரியர்: கொண்டுவந்து கூட்டு. மாற்றி அடுக்குவதற்கு இதைவிட நேரான வினை எனக்குத் தெரியாது. இப்போது உரையாசிரியரின் கையைக் கவனியும். மூன்றாம் அடியில் உள்ள சொல்லை முதலடிக்குக் கொண்டுபோவார். கடைசி அடியைத் தலைக்கு ஏற்றுவார். ஒன்றை மட்டும் செய்ய மாட்டார்.

மாணவி: பாட்டில் உள்ள சொல்லை எடுத்து எறிய மாட்டார்.

ஆசிரியர்: எறிந்தால் அவர் உரை சொல்லவில்லை, வேறு பாட்டுப் பாடுகிறார் என்று அர்த்தம். இடம் மாற்றலாம், இல்லாமல் ஆக்க ஏலாது. ஏன் இடம் மாற்றுகிறார்? புலவர் மனத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சொல் யாப்புக்காக விலகி நிற்கின்றன. அவற்றைத் திரும்பவும் அடுத்து நிற்க வைக்கிறார்.

மாணவி: அப்படியென்றால் இந்தத் திவாகர நிகண்டுக்குப் பக்கத்தில் சதுரகராதியை வைக்கலாமா?

ஆசிரியர்: வையும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நம் மொழியிலுள்ள சொற்களையெல்லாம் மாற்றி அடுக்கிய கதை தெரியும். திவாகரத்தில் சொற்கள் பொருளால் அடுத்து நிற்கும். தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர், இடப்பெயர் என்று பன்னிரண்டு தொகுதி. யானையைத் தேடிப் போனால் களிறும் வேழமும் கரியும் ஒரே கூட்டமாக எதிரே வரும். 1594இல் சிதம்பரம் இரேவணசித்தர் அகராதி நிகண்டு செய்தார். சொற்களை முதலெழுத்து வரிசைக்கு மாற்றினார். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதி செய்தார். யானை தன் சுற்றத்தை விட்டு யாப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

மாணவி: களிறு களிமண்ணுக்குப் பக்கத்தில்.

ஆசிரியர்: ஓம். அந்நியர் அயலவர் ஆனார்கள். அதில் நட்டமும் உண்டு. ஒரு சொல்லைத் தேடிப் போய் அதன் குடும்பத்தோடு திரும்பும் சந்தோசம் போய்விட்டது. இலாபமும் உண்டு, நிகண்டைப் பாடம் பண்ணாதவனும் சொல்லைக் கண்டுபிடித்தான். ஆனால் யானை தொலையவில்லை. அதனால் இந்த மாற்றத்தை ஏற்றுக்கொள்கிறோம்.

மாணவி: இப்படிப் புத்தகத்திலேயே நிற்காமல் ஊருக்குள் ஏதாவது சொல்லுங்கள் ஐயா.

ஆசிரியர்: ஊருக்குள்ளா? ஆடி மாதம் பெரஹரா பார்க்கத் தெருவோரம் பாய் விரித்து இடம் பிடித்திருக்கிறீர்தானே. எந்த வரிசையில் வரும்?

மாணவி: முதலில் சவுக்கடிப்பவர்கள். அந்தச் சத்தத்துக்குத் தம்பி என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். பிறகு கொடி, மேளம், யானைகள், தாதுப்பேழை சுமக்கிற கொம்பன் யானை. தலதா மாளிகைப் பெரஹரா முடிந்ததும் நாத தேவாலயம், விஷ்ணு தேவாலயம், கதிர்காம தேவாலயம், கடைசியாகப் பத்தினி தேவாலயம்.

ஆசிரியர்: கதிர்காமத்தவர் நம் முருகன். பத்தினி, நம் கண்ணகி. முந்திய காலத்தில் இது தேவாலயங்களின் ஊர்வலமாக இருந்தது. 1747இல் அரியணை ஏறிய கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் தாதுப்பேழை அதன் தலைப்புக்கு வந்தது. சியாம் தேசத்திலிருந்து வந்த பிக்குகளின் விருப்பம் அதற்குப் பின்னால் இருந்ததாகச் சொல்வார்கள். அந்த அரசன் யார்? மதுரைப் பக்கத்து உறவுள்ள நாயக்கர் குடும்பம். ஊருக்குப் புதியவர், சமயத்துக்கும் புதியவர். அவர் காலத்தில் ஓர் ஊர்வலம் மாற்றி அடுக்கப்பட்டது. புதிதாக வந்தது முன்னே நின்றது, ஏற்கெனவே இருந்தவை பின்னே நகர்ந்தன. ஒன்றும் விடுபடவில்லை. ஊர்வலம் இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கிறது.

மாணவி: முன்னே போனவர் பின்னே போனதும் ஓர் இழப்புத்தானே?

ஆசிரியர்: இழப்புத்தான். மாற்றி அடுக்கும்போது யாரோ ஒருவர் பின்னே போவார். நான் அதை மறைக்கவில்லை.

மாணவி: ஐயா, நான் ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. உரையாசிரியர், அகராதிக்காரர், அரசன் என்று மூன்று பேரையும் நல்ல கையாகவே காட்டினீர்கள். 1964 ஒக்டோபர் 30இல் டெல்லியில் இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டார்களே, சிறிமாவோவும் சாஸ்திரியும்? அதுவும் மாற்றி அடுக்கினதுதானே?

ஆசிரியர்: கேளும்.

மாணவி: 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்டத்து மக்கள் நாங்கள் ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனோம். பிறகு எங்களை எண்ணினார்கள். 975,000 பேர். அதில் 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்துவிட்டு, 1974இல் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். ஒருவரையும் எடுத்து எறியவில்லை. கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரி. உங்கள் உரையாசிரியர் சட்டப்படி அதுவும் சரியாகிவிடுமே! எங்கள் தாத்தாவுக்கு இலங்கை. அவருடைய அண்ணனுக்கு இந்தியா. இரண்டு பேரும் ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருந்தவர்கள். பெரிய தாத்தா கோச்சி ஏறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் போனார். அதற்குப் பிறகு தாத்தா யாரோடும் அதிகம் பேசவில்லையாம். அவர்கள் அடுக்குத்தொடர் இல்லை ஐயா, இரட்டைக்கிளவி.

ஆசிரியர்: ...நீர் சொல்வது சரி. எண்ணிக்கை குறையாமல் இருந்தால் போதும் என்று நான் சொன்னது பிழை. அங்கே நடந்ததற்கு வேறு வினை இருக்கிறது: ஒதுக்கு. மழைக்கு நாமாகத் தாழ்வாரத்தில் நின்றால் ஒதுங்குகிறோம். இன்னொருவர் நம்மைப் பிடித்து ஓரத்தில் விட்டால் ஒதுக்குகிறார். நிதி ஒதுக்குவது போல் மனிதரை ஒதுக்கினார்கள். அடுத்திருந்தவரைப் பிரித்தார்கள். அடுத்தலைக் கெடுப்பது அடுக்கு ஆகாது.

மாணவி: அதுவும் முழுப் பதிலில்லை. அடுத்து வைத்துவிட்டால் மட்டும் சரியா? லயத்தில் எங்களை ஒட்டி ஒட்டித்தான் வைத்தார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முதுகோடு முதுகு சேர்ந்த சுவர். அடுத்த காம்பராவில் இருமினால் இங்கே குழந்தை எழும்பும். உங்கள் சொற்படி பார்த்தால் லயம்தான் உலகத்திலேயே நல்ல அடுக்கு.

*(ஆசிரியர் சிறிது நேரம் பேசவில்லை. கீழே நிலையத்தில் வண்டி ஒன்று ஊதிப் புறப்பட்டது.)*

ஆசிரியர்: பிள்ளை, ஒருவர் செய்யக்கூடாததைச் செய்தால் உம்முடைய அம்மா என்ன சொல்லித் திட்டுவார்?

மாணவி: 'இது உனக்கே அடுக்குமா?' என்பார். கோபம் கூடினால் 'ஆண்டவனுக்கே அடுக்காது' என்பார்.

ஆசிரியர்: எங்கள் அம்மாவும் அதே சொல்தான். அடாத வேலை, அடாத பேச்சு என்பதும் இதுவே. இப்போது அந்த 'அடுக்கும்' என்ற சொல்லை இலக்கணத்தோடு பிரியும். எந்த வினையின் முற்று அது?

மாணவி: அடுக்கு... இல்லை, பொறுங்கள். நட, நடக்கும். கொடு, கொடுக்கும். அதுபோல அடு, அடுக்கும். பொருந்தும், தகும் என்ற பொருளில் வருகிற 'அடுக்கும்' அடுவிலிருந்து வருகிறது. எதிர்மறை அடாது. புத்தகம் அடுக்குவது அடுக்கு என்ற வினை. அதற்கும் முற்று 'அடுக்கும்'தான். இரண்டும் வேறு வேறு சொல். இந்த இடத்தில் ஒரே உருவமாகச் சந்திக்கின்றன!

ஆசிரியர்: எது தன்வினை, எது பிறவினை?

மாணவி: அடுக்கு பிறவினை, அதற்கு ஒரு கை வேண்டும். அடுக்கினேன், அடுக்கினார்கள். அடு தன்வினை, அதில் கையே கிடையாது. அதுவாகவே நெருங்கும், அதுவாகவே பொருந்தும்.

ஆசிரியர்: உம்முடைய கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது, நான் அல்ல, உம்முடைய அம்மா வைத்திருந்தார். துரை லயத்தில் உங்களை அடுக்கினார். அது அவருடைய கை. அது உங்களுக்கு அடுத்ததா என்பது அவர் சொல்லக்கூடிய விசயமில்லை. பிரதமர்கள் கணக்குப் பார்த்து அடுக்கினார்கள். அடுக்குமா என்று சொல்ல வேண்டியவர்கள் தலைமன்னார் இறங்குதுறையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

மாணவி: அதாவது, அடுக்குகிறவர் 'அடுக்கினேன்' என்று சொல்லலாம். 'அடுக்கும்' என்று அடுக்கப்படுகிறதுதான் சொல்ல வேண்டும்.

ஆசிரியர்: ஓம். 2003இல் சட்டம் வந்து, இங்கே எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்தது. காகிதம் சரியாயிற்று. உம்முடைய தாத்தா அதைப் பார்த்தாரா?

மாணவி: பார்த்தார். பத்திரத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்தார். அண்ணனுக்கு எழுத முகவரி தேடினார், கிடைக்கவில்லை.

ஆசிரியர்: ...

மாணவி: விறகுக் கட்டை பேசாது ஐயா. சொல்லும் பேசாது. அங்கே என்ன செய்வது?

ஆசிரியர்: பேசாவிட்டாலும் காட்டும். பொருந்தாத கட்டை உருளும். பிழையாகக் கொண்டுகூட்டின பாட்டுப் பொருள் தராமல் முரண்டு பிடிக்கும். நல்ல உரையாசிரியர் அதைக் கேட்டுத் தன் கையைப் பின்னே எடுப்பார். உம்முடைய அம்மாவும் பெரியம்மாவும் நெரை தாண்டி உதவிக்கொண்டார்களே, கங்காணி பிடித்துக் கொடுத்த நெரையை அவர்களே அங்கே திருத்தி அடுக்கினார்கள். துரைக்குத் தெரிந்திருக்காது.

மாணவி: கங்காணிக்குத் தெரியும். பார்க்காத மாதிரிப் போவார்.

ஆசிரியர்: கெட்டிக்காரர். சரி, புத்தகம் அப்படியே கிடக்கிறது. மழைக்கு முன்னால் நீர் வீட்டுக்குப் போக வேண்டும்.

மாணவி: இனி அளவு பார்க்கப் போவதில்லை. நான் கேட்கிறேன், நீங்கள் சொல்லுங்கள். இரவில் விளக்குப் போட்டதும் உங்கள் கை முதலில் எதற்குப் போகும்?

ஆசிரியர்: குறளுக்கு. பிறகு, கண் ஒத்துழைத்தால், சித்திலெப்பையின் அசன்பே சரித்திரத்துக்கு. நம் கண்டியில் பிறந்தவர் எழுதினது, 1885இல். தமிழில் நாவல் என்று ஒன்று தொடங்கின காலத்தது.

மாணவி: அப்படியென்றால் இரண்டும் கதிரைப் பக்கத்துத் தட்டில். குறளுக்கு அடுத்து அசன்பே. உரை எழுதின பரிமேலழகர் கோபிப்பாரா?

ஆசிரியர்: கோபிக்கட்டும். பக்கத்தில் இருந்து பழகிக்கொள்வார்.

மாணவி: நிகண்டும் சதுரகராதியும் நடுத்தட்டில். லெக்சிகன் அதே தட்டில் இடது மூலையில். இரண்டாம் தொகுதியை மூலையோடு ஒட்டி வைத்துவிட்டேன். ஆறும் நேராக நிற்கின்றன. இல்லை, ஐந்துதானே. முதல் தொகுதிக் கதையைச் சொல்கிறேன் என்றீர்கள்.

ஆசிரியர்: எனக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த அறையில், நீர் இருக்கிற இடத்தில் இருந்து, ஒரு சொல்லுக்காக என்னோடு இரவு வரை சண்டை பிடிப்பார். எழுபதுகளில் அவருக்கும் கடிதம் வந்தது, இந்தியா என்று. போகிற கிழமையும் ஏதோ ஒரு சொல்லில் சண்டை, முடியவில்லை. 'பார்த்துவிட்டுத் தருகிறேன்' என்று முதல் தொகுதியை எடுத்துக்கொண்டு போனார். தருவதற்கு முன் கோச்சி வந்துவிட்டது.

மாணவி: எந்தச் சொல்?

ஆசிரியர்: அது ஞாபகமில்லை. அகரத்தில் தொடங்குகிற சொல்.

*(மாணவி அலுமாரியைப் பார்த்தாள். பிறகு இரண்டாம் தொகுதியைப் பிடித்து மூலையிலிருந்து நாலு விரற்கடை வலப்பக்கம் நகர்த்தினாள். கையை எடுத்ததும் அது அந்த இடைவெளிப் பக்கமாகச் சாய்ந்தது.)*

மாணவி: சாய்கிறது ஐயா. ஒரு கட்டை வைத்து முட்டுக் கொடுக்கவா?

ஆசிரியர்: வேண்டாம் பிள்ளை. வெள்ளையடிப்பதற்கு முன்பும் அது அப்படித்தான் நின்றது.